தண்ணீர் வெளியே, பெயிண்ட் உள்ளே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை வந்தால் உங்கள் பத்திரிகையில் சுரங்கப்பாதையில் சிக்கிய பஸ், லேஅவுட்டுக்குள் போகிற படகு, மூழ்கி நிற்கிற கார் எல்லாம் படமாக வருகிறது. வர வேண்டியதுதான். ஆனால் வீட்டுக்கு அடியில் சத்தமில்லாமல் நடக்கிற ஒரு கூத்தை யாரும் படம் பிடிப்பதில்லை, பிடித்தாலும் அதில் பார்க்க ஒன்றும் இருக்காது. சுவரோரம் ஒரு ஈரக்கோடு, கொஞ்சம் வெள்ளை உப்பு, கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற ஒரு வாடை. பேஸ்மெண்ட் ஓதத்தைத்தான் சொல்கிறேன். அதோடு மூன்று வருடம் மல்லுக்கட்டி, இரண்டு பேருக்குப் பணம் அழுது, பக்கத்து வீட்டுக்காரரோடு வீணாகச் சண்டையும் போட்டு முடித்தவன் என்கிற தகுதியில் எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடு. 30-40 சைட், அதாவது முப்பதுக்கு நாற்பதடி மனை. 2012ல் கட்டினோம். எனக்கு சிக்பேட்டைப் பக்கம் கல்யாணப் பத்திரிகைக் கடை, கடையில் இடம் கிடையாது, அதனால் சரக்கு முழுக்க வீட்டு பேஸ்மெண்டில். 2022 ஆவணி முகூர்த்தத்துக்காக அடுக்கி வைத்திருந்த கார்டுகள், அந்த செப்டம்பர் மழைக்கு அப்புறம் ஒரு நாள் பார்த்தால், கீழ் வரிசை முழுக்க அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. தண்ணீர் தேங்கியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தரையில் ஒரு சொட்டு இல்லை! காகிதம் சுவரிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. பிள்ளையார் படத்தில் தங்கக்கலர் பூசிய கார்டை எடுத்தால் தங்கம் என் விரலில் ஒட்டிக்கொண்டு பிள்ளையார் மட்டும் கார்டில் நின்றார்.

சரி, எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பெயிண்டரைக் கூப்பிட்டேன். ஓதத்தைத் தடுக்கிற பெயிண்ட் என்று ஒன்றை இரண்டு கோட் அடித்தார், பளபளவென்று இருந்தது, அடுத்த மழையில் பெயிண்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிக் கொப்புளம் கொப்புளமாக ஊதியது. என் பேரன் ஒவ்வொன்றாகக் குத்தி உடைத்து விளையாடினான். அடுத்த வருடம் வாட்டர் ப்ரூஃபிங் ஆட்கள். பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்து, சிமெண்டில் மருந்து கலந்து மறுபடி பூசி, பத்து வருட கியாரண்டி என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். அந்தச் சுவர் உண்மையிலேயே காய்ந்துதான் இருந்தது. ஆனால் அதுவரை வறண்டு கிடந்த அடுத்த மூலையில், தரையும் சுவரும் சேருகிற இடத்தில், தண்ணீர் கசிய ஆரம்பித்தது. போன் செய்தால் "அது வேற சுவர் சார், கியாரண்டியில வராது" என்றார்கள். அவர்கள் சொன்னதும் ஒரு வகையில் நியாயம்தான், ஒரு வழியை அடைத்தால் தண்ணீர் இன்னொரு வழி பார்க்கிறது.

2024ல்தான் இந்த ஊரின் விசித்திரம் முழுசாகப் புரிந்தது. மார்ச் மாதம் போர்வெல் வறண்டு, டேங்கர்காரரிடம் கெஞ்சிக்கொண்டு நின்றோம். அதே வருடம் அக்டோபரில், யெலஹங்காவில் கேந்திரிய விஹார் குடியிருப்புக்குள் படகு விட்டார்களே அந்த வாரம், நானும் என் மனைவியும் பேஸ்மெண்டிலிருந்து தண்ணீரை வாளியில் வாரி வாரித் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் திருவண்ணாமலைப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் கிடைத்தார். முப்பது வருடமாக இங்கே கட்டிட வேலை பார்ப்பவர். சுவரைத் தட்டிப் பார்ப்பார், விலை சொல்வார் என்று நினைத்தேன். அவர் படியில் உட்கார்ந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டார்:

"தண்ணி எப்ப சார் வருது? மழை பெய்யறப்பவா, நின்னப்புறமா?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம், ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவு, இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. "மொதல்ல அதைப் பாருங்க, நான் பத்து பதினஞ்சு நாள் கழிச்சு வரேன்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பணம் வாங்கவில்லை.

என் மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி பேஸ்மெண்ட் கதவுக்குப் பின்னால் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். மழை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த மூலையில் ஈரம், தரையிலிருந்து எத்தனை அங்குலம், தண்ணீர் தெளிவா கலங்கலா, நாற்றம் உண்டா. இவ்வளவுதான் அந்த நோட்டில். பெயிண்ட் வாங்குவதற்கு முன்னால் வாசகர்கள் வாங்க வேண்டியது இந்த நோட்டைத்தான்.

அதில் தெரிந்தது இது. மழை பெய்யும்போது ஒன்றும் இல்லை. நின்று ஐந்தாறு மணி நேரம் கழித்து வடகிழக்கு மூலையில் தெளிந்த தண்ணீர், நாற்றமில்லை, இரண்டு நாள் வரை கசிவு. மழையில்லாத நாளில் அந்த மூலை காய்கிறது. மேற்குச் சுவர் மட்டும் மழை இல்லாவிட்டாலும் வியர்த்த மாதிரியே இருக்கிறது.

மேஸ்திரி மறுபடி வந்து, மேற்குச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தாளுக்கு மேலே, அறைப் பக்கம்தான் முத்து முத்தாக ஈரம், தாளுக்கு அடியில் சுவர் காய்ந்திருந்தது. அதாவது சுவருக்குப் பின்னாலிருந்து எதுவும் வரவில்லை, அடைந்து கிடக்கிற ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கிறது. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும், எதிர்ப்பக்கம் காற்று நுழைய ஒரு ஜன்னல் வலையும் போட்டதோடு தீர்ந்தது. இந்தச் சுவரைக் கொத்த நாற்பதாயிரம் கேட்டிருந்தார்கள். தாளுக்கு அடியில் ஈரம் இருந்தால் கதையே வேறு, அது கசிவு.

அடுத்தது சம்ப், அதாவது தரைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி. பெங்களூரில் சம்ப் இல்லாத வீடு ஏது? பேஸ்மெண்டில் ஈரம் என்றால் சம்ப் ஒழுகுகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் நான் எங்கள் சம்ப்பை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு சம்ப்பைச் சந்தேகப்பட்டேன். வடகிழக்கு மூலைக்கு நேர் எதிரே அவர்கள் சம்ப். கன்னடக்காரக் குடும்பம், பத்து வருடப் பழக்கம், நான் போய்க் கொஞ்சம் காரமாகவே பேசிவிட்டேன், அவரும் பேசினார், இரண்டு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். இதைக் கேட்ட மேஸ்திரி ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார். சம்ப்பை நிரப்பி, உள்ளே வருகிற வால்வையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு, தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டு, ஒரு நாள் பூராவும் தொடாமல் விட வேண்டும். என் மனைவி போய் அந்த வீட்டு அக்காவிடம் கேட்டு, இரண்டு சம்ப்பிலும் கோடு போட்டோம். மறுநாள் இரண்டிலும் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. அன்று சாயங்காலம் மைசூர்பாக்கு வாங்கிக்கொண்டு நானே போனேன். அவர் டப்பாவைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், சம்ப்புக்கு நைவேத்தியமா?" என்றார் கன்னடத்தில்.

அப்புறம் குற்றவாளி யார்? நாங்களேதான்.

2009ல் வந்த சட்டத் திருத்தப்படி 30-40 சைட்டில் புதிதாக வீடு கட்டினால் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நல்ல சட்டம், எனக்கு அதில் துளி வருத்தமில்லை. ஆனால் எங்களுக்குக் கட்டிக்கொடுத்தவர் என்ன செய்தார் என்றால், பேப்பரில் காட்ட வேண்டும் என்பதற்காக, பக்கவாட்டுச் சந்தில், பேஸ்மெண்ட் சுவருக்கு இரண்டரை அடி தள்ளி, ஒரு குழி வெட்டி ஜல்லி போட்டு, மொட்டைமாடிப் பைப்பை அதில் இறக்கிவிட்டார். மாடி 900 சதுர அடி. 5 செ.மீ. மழை பெய்தால் 4,000 லிட்டருக்கு மேல், அதாவது ஒரு சின்ன டேங்கர் லோடு. பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு நல்ல மழைக்கும் ஒரு டேங்கர் தண்ணீரை என் வீட்டு அஸ்திவாரத்தோரம் நானே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், உள்ளே பெயிண்டும் அடித்துக்கொண்டு! பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஊறவைக்கிற குழி அஸ்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது. மூன்றடிச் சந்தில் பத்தடிக்கு எங்கே போவது? இடம் இருப்பவர்கள் முன்பக்கமாக ஆழக் கிணறு இறக்கலாம். மூன்றடி விட்டம், இருபது முப்பது அடி ஆழம், சிமெண்ட் உறை. இந்த ஊரில் கிணறு வெட்டுகிற மண்ணு வட்டர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை அது. மேல் உறைகளில் ஓட்டை வைக்காமல் விட்டால் தண்ணீர் அஸ்திவார மட்டத்துக்குக் கீழே போய்த்தான் மண்ணில் இறங்கும். நாங்கள் சுலபமான வழியை எடுத்தோம். மாடித் தண்ணீர் இப்போது ஃபில்டர் வழியாக சம்ப்புக்குப் போகிறது, நிரம்பி வழிவது தெரு மோரிக்கு, அதாவது தெருவோரச் சாக்கடைக்கு. சந்துக் குழியை மூடிவிட்டோம்.

உள்பக்கப் பூச்சு ஏன் நிற்காது என்பதற்கு மேஸ்திரி சொன்னதை என் பையன் கணக்குப் போட்டுக் காட்டினான். வெளியே மண்ணில் தரைமட்டம் வரை தண்ணீர் ஊறி நின்றால், ஒன்பதடி ஆழத்தில் சுவரின் ஒவ்வொரு சதுர அடியையும் அது ஏறக்குறைய 250 கிலோ பலத்தோடு தள்ளும், ஐந்து சிமெண்ட் மூட்டை கனம். தாள் கனத்துக்குப் பூசிய பெயிண்ட் அதை உள்ளேயிருந்து எப்படித் தாங்கும்? வெளிப்பக்கம் பூசியிருந்தால் அதே கனம் பூச்சைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். பழைய கட்டிடக்காரர்கள் ஷாபாத் கல்லை வெளிப்பக்கம் பெட்டி மாதிரி பதித்து, இணைப்பையெல்லாம் கலவையால் அடைத்ததற்குக் காரணம் இதுதான். கட்டும்போதே செய்தால் அது ஒரு சின்னச் செலவு, பிற்பாடு செய்ய வேண்டுமென்றால் தோண்ட வேண்டும்.

தோண்டினோம். 2025 ஜனவரி பிப்ரவரியில், மண் காய்ந்திருக்கும்போது. மொத்தச் சுவரையும் ஒரே மூச்சில் தோண்டக் கூடாது என்பதில் மேஸ்திரி ரொம்பக் கண்டிப்பு. மண் சரியும், சுவருக்குப் பிடிமானம் போகும், பக்கத்து வீட்டு அஸ்திவாரமும் ஆடும். ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டிவிட்டு, ஐந்தடி ஐந்தடியாகத் தோண்டி, முட்டுக்கொடுத்து, முடித்து மூடி, அப்புறம்தான் அடுத்த ஐந்தடி.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? மண் இருந்தால்தானே. உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, காலி சிமெண்ட் பை, ஒரு ஒற்றைச் செருப்பு, குட்கா பாக்கெட் ஒரு கூடை. வீடு கட்டி மிச்சமான குப்பையை அப்படியே சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் தள்ளி மூடியிருக்கிறார்கள். இந்த ஊர் செம்மண் இறுக்கமாகக் கெட்டித்திருந்தால் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும், இது சல்லடை. அதைவிடக் கொடுமை, கான்கிரீட் சுவர் என்று நாங்கள் பன்னிரண்டு வருடமாக நம்பியது எட்டு அங்குல சாலிட் பிளாக் சுவர். பிளாக்குக்கும் பிளாக்குக்கும் நடுவில் சில இடத்தில் கலவையே இல்லை, என் சுண்டுவிரல் போனது. மண்ணையும் தண்ணீரையும் தாங்குகிற சுவர் கம்பி கட்டிய கான்கிரீட்டாக இருக்க வேண்டும், தரை கான்கிரீட்டும் சுவர் கான்கிரீட்டும் வேறு வேறு நாளில் போடுவதால் அந்தச் சேர்ப்பில் ரப்பர் பட்டி மாதிரி பிவிசி வாட்டர் ஸ்டாப்பர் வைக்க வேண்டும். வீடு கட்டப்போகிறவர்கள் வாஸ்துவையும் வாசல் நிலையையும் நாலு தடவை கேட்கிறார்கள், இதை ஒரு தடவையாவது கேளுங்கள். அந்த இரண்டு நாளும் சைட்டில் போய் நில்லுங்கள்.

எங்களுக்குச் செய்தது: சுவரின் வெளிப்பக்கத்தைக் கழுவி, இடுக்குகளை அடைத்து, பூசி, அதன்மேல் தார்ஷீட் மாதிரி ஒரு மெம்ப்ரேன். இன்ஜினியர் சொன்னபடி உள்பக்கம் இரண்டு இடத்தில் கான்கிரீட் தூண் கொடுத்து சுவருக்குப் பலம். அடியில் ஓட்டை போட்ட பைப்பைத் துணி சுற்றி ஜல்லிக்குள் படுக்க வைத்து, அந்தத் தண்ணீர் ஒரு சின்னக் குழியில் வந்து விழ, அங்கே ஒரு சப்மெர்சிபிள் பம்ப், மட்டம் ஏறினால் தானாக ஓடும். மேலே நல்ல செம்மண்ணைத் தண்ணீர் தெளித்து இடித்து இறுக்கி, வீட்டிலிருந்து வெளியே சரிவாகத் தளம். தண்ணீர் பைப் சுவருக்குள் நுழைகிற ஒரே ஒரு இடத்தில் மட்டும் துளை போட்டு ரசாயனம் ஏற்றினார்கள், ஈரம் பட்டால் ஊதி அடைத்துக்கொள்கிற வகை. தனி விரிசலுக்கு அது நல்ல வைத்தியம், சுவர் முழுக்க ஏற்றுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பம்ப் பற்றி ஒன்று. நம் ஊரில் மழையும் கரண்ட் கட்டும் கூடப்பிறந்தவை. பம்ப்பை இன்வர்ட்டரில் இணைக்காவிட்டால் தேவைப்படுகிற ஒரே நேரத்தில் அது ஓடாது. அந்த இன்வர்ட்டரையே பேஸ்மெண்டில் வைத்திருக்கிற வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன், மெயின் போர்டையும்தான். 2025 மே மாதம் பிடிஎம் லேஅவுட்டில் ஒரு குடியிருப்பின் பேஸ்மெண்டில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கப் போய் மின்சாரம் தாக்கி இரண்டு பேர் இறந்தார்கள், அதில் ஒருவன் சின்னப் பையன். அதற்கு முந்தைய வருடம் ஜூலையில் டெல்லி பழைய ராஜேந்தர் நகரில் பயிற்சி மையத்தின் பேஸ்மெண்டுக்குள் வெள்ளம் புகுந்து படித்துக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகள் போனார்கள். தண்ணீர் நிற்கிறது என்றால் மேலே மெயினை அணைக்காமல் ஒரு படிகூட இறங்காதீர்கள். அந்த மெயின் மேலே இருக்க வேண்டும் என்பதுதான் முதல் விஷயம். லைன் கசிந்தால் உடனே அணைகிற ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் வகை, இல்லாத வீட்டில் இந்த வாரமே போடுங்கள். பேஸ்மெண்டில் பாத்ரூம் வைத்தவர்களுக்கு யுஜிடி லைனில், அதாவது பாதாளச் சாக்கடை லைனில், திரும்பி வராமல் தடுக்கிற ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும், இல்லையென்றால் மெயின் சேம்பர் நிரம்பும்போது அது எல்லாம் எங்கே வரும் என்று நான் எழுத வேண்டியதில்லை, காலை நேரத்தில் பேப்பர் படிப்பார்கள்.

இனி பத்திரிகை மூலமாகக் கேட்க வேண்டிய ஒன்று. கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிற ஊரில் வெள்ளம் எப்படி என்று ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். உயரம் என்பது ஊருக்குத்தான், தெருவுக்கு இல்லை. இது மேடும் பள்ளமுமான ஊர், ஒவ்வொரு பள்ளத்திலும் ஏரி, ஒரு ஏரி நிரம்பி ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்கு. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு இருப்பது தர்மாம்புதி ஏரியில், கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரியில். அது பழைய கதை, அதை இனி யாரும் தோண்டி எடுக்கப் போவதில்லை. ஆனால் இன்றைக்கும் நடக்கிற ஒன்று இருக்கிறது. தார் மேல் தார் போடுகிறார்கள். எங்கள் கேட் வாசல்படி 2012ல் ரோட்டுக்கு எட்டு அங்குலம் மேலே இருந்தது, நானே அளந்து வைத்தது. இன்றைக்கு இரண்டு அங்குலம். இன்னும் ஒரு தடவை போட்டால் தெருத் தண்ணீர் நேராக ராம்ப்பில் இறங்கி பேஸ்மெண்டுக்கு வந்துவிடும். ராம்ப் தலைப்பில் ஒரு மேடும், கீழே குறுக்கே கம்பி ஜாலி போட்ட கால்வாயும் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் ஒரு வீட்டுக்காரன் என்ன செய்வான்? பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதிதாகப் போடுகிற மிஷின் இந்த ஊரிலேயே பெரிய ரோடுகளில் ஓடுகிறது. உள் தெருக்களுக்கு அது ஏன் வருவதில்லை என்று உங்கள் நிருபர் யாராவது சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது வீடுகளில் பேஸ்மெண்ட் இருக்கிறது, வாசல்படி அளவுகளை நானே எடுத்துத் தருகிறேன்.

இந்த வருட அக்டோபர் மழைக்கு ஒரு தடவை பம்ப் ஓடியது. சரக்கு இப்போதும் தரையில் இல்லை, நாலு அங்குல மரக்கட்டை மேல்தான், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. நம்பிக்கை வர இன்னும் இரண்டு மழைக்காலம் ஆகும் என்கிறாள் என் மனைவி. நோட்டு இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. போன வாரம் அவள் எழுதியிருப்பது: "ராத்திரி 9 முதல் 11 வரை மழை. காலை 6 மணி, வ.கி. மூலை காய்ந்திருக்கிறது. மேற்குச் சுவரில் பல்லி."

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
லிங்கராஜபுரம், பெங்களூரு